தாய்மாமன் மஜ்ஜை

செட்டியார்பட்டி
7.10.2024

அனுசியாவுக்கு அப்பா சொல்லச் சொல்ல ரத்தினம் எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். கம்பிக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு பெற்ற அப்பனைத் தெருவில் நிறுத்துகிற தெம்பு இருக்கிறதே.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை உங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலில் என்ன கூட்டம் இருக்கும் என்று உள்ளூர்க்காரி உனக்குத் தெரியாதா? அந்தக் கூட்டத்தில் நசுங்கி, பேரனுக்கென்று நான் மொட்டை போட்டுக்கொண்டு இறங்கினேன். மலை இறங்கினால் வேறெங்கும் நுழையாமல் நேரே பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போக வேண்டும், தீர்த்தம் பிள்ளை நெற்றியில் பட்ட பிறகுதான் நாம் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். அப்படித்தான் வேனில் சொந்தம் சுருத்தையெல்லாம் ஏற்றிக்கொண்டு உன் வாசலுக்கு வந்தேன்.

நீ துணியால் வாயை மூடிக்கொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாய். என் காது தறியோடு போய்ப் பல வருஷம் ஆகிறது. எதிராளியின் வாய் தெரிந்தால்தான் அவர் பேசுவது எனக்குப் புரியும். உன் வாய் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது. கை ‘போ’ என்றது.

உன் அண்ணன் விஜயபாண்டி தாய்மாமன் முறைக்கு வெள்ளி அரைஞாண் வாங்கிக் கையில் வைத்திருந்தான். அதை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு, “இந்த மலைப் பெருமாள் மேல சத்தியமா இனிமே இவ வாசல்ல கால் வைக்க மாட்டேன்” என்று சொன்னான். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவன் வாயில் துணி இல்லை.

போனில் கூப்பிடாதே. எனக்குக் கேட்காது, அவன் எடுக்க மாட்டான். எங்களை ஏன் விரட்டினாய் என்று எழுது.

சங்கையா


ஸ்ரீவில்லிபுத்தூர்
12.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

கதவுக்குள் நின்று நான் சொன்னது இதுதான்: “பிள்ளைக்கு உடம்பு சரியில்லப்பா, அவன்கிட்ட யாரும் வரக் கூடாது, கோவிச்சுக்காதீங்க.” முகக்கவசம் போட்டால் உங்களுக்கு என் பேச்சு தெரியாது என்பதை அந்தப் பதற்றத்தில் மறந்தே போனேன். நீங்கள் மொட்டைத் தலையோடு வெயிலில் திரும்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

இந்தக் கடிதத்தை ரத்தினம் மாமா உங்களுக்குக் கேட்கும்படி வாசித்தால் தெருவுக்கே கேட்கும். தயவுசெய்து அப்படி வேண்டாம். என் மூத்தவள் கோதை இறந்தபோது ஆளாளுக்குப் பேசியதே போதும்.

பாலகணேஷுக்கு உடம்பில் காவல் இல்லை, அப்பா. மதுரையில் டாக்டர் சௌந்தரவல்லி படம் போட்டுச் சொன்னார். எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நம் ரத்தத்தில் காவலுக்கு இரண்டு வகை செல்கள் உண்டாம். ஒரு வகை பிறவியிலேயே வேலை தெரிந்தது. எந்தக் கிருமி நுழைந்தாலும் பாய்ந்து விழுங்கும். அது பாலாவுக்கு இருக்கிறது. இன்னொரு வகைக்கு டி செல் என்று பெயர். அது எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம், அங்கே போய் வளர்ந்து, பழகி, எது நம் உடம்பு எது பகை என்று தெரிந்துகொண்டு வெளியே வர வேண்டும். அது வளர்வதற்கு அங்கே ஒரு பொருள் சுரக்கிறது. இன்டர்லூகின் ஏழு என்றார். ‘சாகாதே, பெருகு, வளர்’ என்று அந்தப் பிஞ்சு செல்லுக்குச் சேதி சொல்வது அதுதான். பாலாவின் உடம்பில் அந்தப் பொருளுக்குப் பஞ்சமில்லை. அதை வாங்கிக்கொள்ள செல்லின் மேல் இருக்க வேண்டிய ஏற்பி பிறவியிலேயே சரியாக இல்லை. அதனால் ஒரு டி செல்லும் தேறவில்லை.

கோதைக்கும் இதேதான் இருந்திருக்கும் என்கிறார். அவளை நினைத்துத்தான் இவனுக்குச் சீக்கிரமே சோதித்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் மாமன் மகள், அத்தை மகன். ஒரே குறை எங்கள் இருவரிடமும் பாதிப் பாதியாக ஒளிந்து இருந்திருக்கிறது. நாலில் ஒரு பிள்ளைக்கு அது முழுதாகச் சேரலாமாம். எனக்கு இரண்டுக்கு இரண்டும் சேர்ந்துவிட்டது. நீங்கள் சாத்தூர் மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தீர்கள். நான்தான் அத்தை மகனைத் தவிர யாரையும் கட்ட மாட்டேன் என்று சாப்பிடாமல் கிடந்தேன்.

உங்கள் மாப்பிள்ளை முத்துப்பாண்டி இப்போது டியூட்டி முடிந்து வந்தால் கொல்லையில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற கை.

வேறொருவர் மஜ்ஜையை இவனுக்கு ஏற்றினால் பிழைப்பானாம். அது பொருந்த வேண்டும்.

உங்கள் அனுசியா


செட்டியார்பட்டி
17.10.2024

தாயி அனுசியா,

ரத்தினம் என்னைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போய், தறிக்கொட்டகையில் பேசுகிற மாதிரி சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்து உன் கடிதத்தை வாசித்தான். ஆடு மேய்த்தவன் ஒருத்தன் எங்களை வெகுநேரம் பார்த்தான், இரண்டு கிழவன்களுக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பான். சில இடத்தில் ரத்தினத்துக்கு வாய் கோணிவிட்டது. எனக்குப் புரியாமல் மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் கோணியது.

கூப்பிடுகிறவன் தொண்டை கிழியக் கூப்பிடுகிறான், கேட்கிறவனுக்குக் காது இல்லை. இதை எனக்கு யாரும் படம் போட வேண்டியதில்லை.

சாத்தூர் மாப்பிள்ளைப் பேச்சை விடு. நீ சாப்பிடாமல் கிடந்தது ஒரு நாள். மறுநாள் உன் அம்மா கொத்தமல்லித் துவையல் அரைத்தாள், தின்றுவிட்டாய். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. உன்னை அவனுக்குக் கட்டிக் கொடுத்ததில் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. நல்ல பையன். என் அம்மா எனக்கு முந்தி இரண்டு பிள்ளையும் எனக்குப் பிந்தி ஒன்றும் புதைத்தாள். கடைசிப் பிள்ளைக்கு வாயெல்லாம் வெள்ளையாகப் பூத்து, பால் இறங்காமல் போனதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் அய்யாவும் அம்மாவும் சொந்தம்தான். ஏன் செத்தது என்று அவளுக்குச் சொல்ல ஒரு மனுசன் இல்லை. தன் பால்தான் விஷம் என்று நம்பியே போய்ச் சேர்ந்தாள். உனக்கு டாக்டர் காரணம் சொல்லியிருக்கிறார். உன் மேல் குற்றம் இல்லை என்பதும் அந்தக் காரணத்துக்குள்ளேயே இருக்கிறது. அதையும் எடுத்துக்கொள்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கோதைக்குப் பிறந்த உடனே போட்ட காசநோய்த் தடுப்பூசி, கையில் ஆறவே இல்லை. அக்குளில் எலுமிச்சை மாதிரி கட்டி வந்து உடைந்தது. மஞ்சள் கரை போட்ட துண்டில் அவளைச் சுற்றி வைத்திருந்தாய். விழுங்குகிற காவல்காரன் பிறவியிலேயே இருக்கிறான் என்கிறாயே, அவன் ஏன் அன்றைக்குச் சும்மா இருந்தான்? கேட்டு எழுது.

மஜ்ஜை பொருந்துமா என்று பார்க்க நாங்கள் எல்லோரும் வருகிறோம். விஜயபாண்டியும் வருவான். மதுரைக்குத்தான் வருகிறான், உன் வாசலுக்கு இல்லை என்று சொல்லச் சொன்னான்.

அப்பா


ஸ்ரீவில்லிபுத்தூர்
16.11.2024

அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டதை அப்படியே டாக்டரிடம் கேட்டேன். உங்கள் அப்பாவுக்கு நல்ல ஞாபகம் என்றார். அந்த விழுங்கும் செல் சும்மா இருக்கவில்லையாம். விழுங்கியிருக்கிறது. ஆனால் காசநோய் வகைக் கிருமி விழுங்கிய வயிற்றுக்குள்ளேயே உயிரோடு இருக்கக் கூடியது. அதை உள்ளே வைத்துக் கொல்ல வேண்டுமானால் டி செல் ஒரு பொருளைச் சுரந்து ‘இப்போது கொல்’ என்று தூண்ட வேண்டும். கோதைக்குத் தூண்ட டி செல் இல்லை. காவல்காரன் திருடனைப் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருந்தான். மற்ற பிள்ளைகளுக்கு அந்த ஊசி நல்லதுதான், போட்டே ஆக வேண்டும் என்றும் சொல்லச் சொன்னார். பாலாவுக்குப் போடாமல் நிறுத்தி வைத்தது அவன் அதிர்ஷ்டம்.

இனி முக்கியமான விஷயம். சோதனை முடிவு வந்துவிட்டது. நானும் அவரும் பாலாவுக்குப் பாதிதான் பொருந்துகிறோம். நீங்களும் பாதி. அண்ணன் முழுசாகப் பொருந்துகிறான். தாய்மாமன் இப்படி முழுசாகப் பொருந்துவது மற்ற குடும்பங்களில் அபூர்வமாம். நாம் தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து வாங்கியதால் வந்த பொருத்தம் என்கிறார். குறை வந்த வழியிலேயே இதுவும் வந்திருக்கிறது.

அண்ணனுக்கு ஐந்து நாளாகப் போன் போடுகிறேன். அடித்துக்கொண்டே இருக்கிறது.

அனுசியா


செட்டியார்பட்டி
21.11.2024

அனுசியா,

விஜயபாண்டியிடம் பேசினேன். டீ குடிக்க வெளியே வந்தவனைப் பிடித்து நிறுத்தினேன். எடுத்த எடுப்பில் சத்தியத்தைச் சொன்னான். பெருமாள் மேல் செய்ததாம், மீறினால் குடும்பத்துக்கு ஆகாதாம்.

“ஏலே, நீ சத்தியம் பண்ணுனது அவ வாசலுக்கு. ஆஸ்பத்திரி வாசலை உன் தங்கச்சியா கட்டி வச்சிருக்கா?” என்றேன்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அது தப்பாகப் போய்விட்டது. டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போனவன் பொறவு என் முகத்தைப் பார்க்கவில்லை. முதுகெலும்பில் ஊசி குத்தி உறிஞ்சுவார்கள், அதோடு நிமிர்ந்து தறியில் நிற்க முடியாது என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். நாலு தறியை நின்றுகொண்டே ஓட்டுகிறவன்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். எனக்கும் பயம் இருக்கிறது. நீ கேட்பது என் பேரனுக்கு. கொடுக்க வேண்டியது என் மகன். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் மருமகள் சத்யப்பிரியாவிடம் நான் என்ன சொல்வேன்? அவன் தர மாட்டேன் என்று இருந்து பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால் உன்னிடம் என்ன சொல்வேன்? என் மஜ்ஜை முழுசாகப் பொருந்தியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை, எலும்பையே கழற்றிக்கொள்ளச் சொல்லியிருப்பேன். அதுவும் பாதி.

நான் உத்தரவு போட்டால் அவன் மீற மாட்டான். அதனாலேயே போடாமல் இருக்கிறேன்.

அப்பா


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.11.2024

அப்பா,

அண்ணனை வற்புறுத்த வேண்டாம். பயந்துகொண்டு அவன் தருவதை நான் வாங்க மாட்டேன். பாலாவின் அப்பா மஜ்ஜையைப் பாதிப் பொருத்தத்திலேயே சுத்தம் செய்து ஏற்றலாம் என்கிறார்கள். ஆபத்து கூடத்தான், ஆனால் வழி இருக்கிறது.

பாலாவுக்கு வாயில் வெள்ளை பூத்திருக்கிறது. எடை ஏறவில்லை. சீக்கிரம் செய்ய வேண்டும் என்பது மட்டும் எல்லா டாக்டரும் சேர்ந்து சொல்வது. அதிகம் எழுத முடியவில்லை. தூக்கிக்கொண்டே இருக்கிறேன்.

அனுசியா


செட்டியார்பட்டி
11.12.2024

தாயி,

உன் கடிதத்தை ரத்தினம் கையில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றான். என் அம்மாவின் கடைசிப் பிள்ளைக்குப் பூத்த வெள்ளை அது. அந்த வரி வந்ததும் நான் உட்கார்ந்துவிட்டேன். விஜயபாண்டி தறிக்கு முன்னால் நின்று ரத்தினத்தின் வாயைப் பார்த்திருக்கிறான். தறிக்காரனுக்கு அது போதாதா? எனக்கு வாசித்தது முழுக்க அவனுக்கும் தெரிந்துவிட்டது.

நாலு தறியையும் நிறுத்திவிட்டு வந்தான். முதலாளி கத்தினாராம், எனக்கு எங்கே கேட்கிறது.

“யப்பா, சத்தியம் கித்தியம்லாம் ஒண்ணுமில்ல. எனக்குப் பயமா இருக்கு. அம்புட்டுதான்.”

“எனக்கும் பயமாத்தாம்ல இருக்கு. வா, ரெண்டு பேரும் அந்த டாக்டரம்மா முன்னால போயிப் பயப்படுவோம்.”

சத்யப்பிரியாவும் வந்தாள். டாக்டரம்மா எனக்காக முகத்துணியை இறக்கிவிட்டு மெதுவாகப் பேசினார். முதுகெலும்பைத் தொடவே மாட்டார்களாம். மயக்கம் கொடுத்து, பின்பக்கம் இடுப்பெலும்பில் இருந்து எடுப்பார்கள். சில நாள் வலிக்கும், பாரம் தூக்கக் கூடாது. விஜயபாண்டி தலையைத் தலையை ஆட்டினானே தவிர ஒன்றும் கேட்கவில்லை. சத்யப்பிரியாதான் கேட்டாள். எடுத்தது திரும்ப ஊறுமா, எத்தனை நாளில் ஊறும், அதற்கு என்ன ஆக்கிப் போட வேண்டும், ஊறாமல் போனவர் யாராவது உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சில வாரத்தில் தானாக ஊறிவிடும் என்று தெரிந்த பிறகு புருசன் பக்கம் திரும்பி, “நீங்க குடுங்க. நான் பாத்துக்கிடுதேன்” என்றாள்.

அவன் கையெழுத்துப் போட்டான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா


சென்னை
2.2.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மதுரை டாக்டர் அனுப்பி வைத்த இந்த ஆஸ்பத்திரியில் மஜ்ஜை ஏற்றி முடித்துப் பத்து நாள் ஆகிறது. பெரிய அறுவை சிகிச்சை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு பையில் சிவப்பாகக் கொண்டுவந்து தொங்கவிட்டு, ரத்தம் ஏற்றுவது போல ஏற்றினார்கள். பாலா பாதியில் தூங்கிவிட்டான். அது எந்த எலும்புக்குப் போக வேண்டும் என்று யாரும் வழி சொல்ல வேண்டியதில்லையாம். ரத்தத்தில் சுற்றி அதுவாகவே எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அண்ணன் ஊருக்குக் கிளம்பும் முன் கண்ணாடிக்கு வெளியே நின்று பாலாவைப் பார்த்தான். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். வலிக்கிறதா என்று கேட்டேன். “உன் மகன் எட்டி ஒதச்ச மாதிரி இருக்கு” என்றான். கோபமெல்லாம் போய்விட்டதா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

நேற்று பாலா உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. வந்த செல்கள் இவன் உடம்பையே பகை என்று நினைத்துத் தாக்கப் பார்க்கின்றனவாம். மருந்து கொடுத்திருக்கிறார்கள். இது அடங்கினாலும் உடனே எதுவும் தெரியாது, அப்பா. அண்ணன் மஜ்ஜையில் பிறக்கிற பிஞ்சு செல் இவன் தைமஸுக்குப் போய், அங்கே வருகிற சேதியைக் கேட்டு, வளர்ந்து வெளியே வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கதவு கதவுதான்.

அனுசியா


செட்டியார்பட்டி
23.3.2025

தாயி அனுசியாவுக்கு,

தடிப்பு அடங்கிவிட்டது என்று முத்துப்பாண்டி மாப்பிள்ளை போனில் சொன்னதாக சத்யப்பிரியா சொன்னாள். விஜயபாண்டி தறிக்குத் திரும்பிவிட்டான். இப்போதைக்கு இரண்டு தறிதான். முதலாளி முணுமுணுக்கிறார், இவன் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆட்டு எலும்பு சூப்பு வைத்துக் கொடுத்துக் கொடுத்து சத்யப்பிரியா அவனைப் பெருக்க வைத்துவிட்டாள்.

உன்னிடம் அவன் கேட்கச் சொன்னது ஒன்று. அவன் உடம்பில் பிறந்த செல், எது நம் உடம்பு எது பகை என்று பிள்ளையின் சுரப்பியில் போய்த்தானே கற்றுக்கொள்ளும்? அப்படியானால் அது அவனுடையதா, பிள்ளையுடையதா என்று கேட்கிறான். ரத்தினமும் அவனும் இதைப் பற்றி ஒரு வாரமாகச் சண்டை. தாய்மாமனுடையதுதான் என்கிறான் ரத்தினம். இல்லை, பிள்ளை வளர்த்தது பிள்ளைக்கு என்கிறான் இவன். டாக்டரிடம் கேட்டு ஒரு வழி பண்ணு. இங்கே இருக்க முடியவில்லை.

பிள்ளை எப்படிப் பார்க்கிறான், எப்படிச் சிரிக்கிறான் என்று நீ எழுதவே இல்லை. எனக்கு அவன் பிறந்த அன்றைய முகம்தான் இருக்கிறது. கண்ணை இறுக்கி மூடி, வலது காது மடங்கி, உன் அம்மா ஜாடையில் மேலுதடு. இப்போது எல்லாம் மாறியிருக்கும்.

அப்பா


ஸ்ரீவில்லிபுத்தூர்
19.6.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இதை இன்று காலையில் எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் அவருக்கு பஸ்ஸில் யாரிடமோ இருந்து சளி ஒட்டிக்கொண்டது. எவ்வளவு ஒதுங்கியும் பாலாவுக்கும் வந்துவிட்டது. மூக்கு ஒழுகியது, உடம்பு சுட்டது, இருமினான். கோதைக்கு எல்லாம் தொடங்கியது இப்படித்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, டி செல் நன்றாக ஏறியிருக்கிறது, அதிலும் புதிதாக இவன் தைமஸிலேயே வளர்ந்து வெளியே வந்தவை நிறைய இருக்கின்றன, வார்டில் வைத்துப் பார்ப்போம் என்றார். அண்ணன் கேட்டதையும் கேட்டேன். இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அதன் பிறகு இருமல் நின்றது. அதற்கென்று மருந்து எதுவும் ஏற்றவில்லை.

பாலாவுக்குச் சளி பிடித்தது, அப்பா. தானாகவே சரியாகிவிட்டது. இப்போது என் மடியில் உட்கார்ந்து பேனாவைப் பிடித்து இழுக்கிறான். வேறு சேதி ஒன்றும் இல்லை.

அனுசியா